பழைய எம்ஜிபிக்கு நல்ல பிரேக்: முதல் முறை கை வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்காது, அதற்குள் பலரும் நாலு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கை இரு பக்கமும் பேட்டால் கவ்விப் பிடிக்கும் பாகம்) விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "பிரேக் சரியில்லை, பெரிசா ஏதாவது மாட்டணும்" என்பதுதான் பேச்சு. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். டயருக்கு வயது பதினைந்து, பின் டிரம்முக்குள் ஆக்சில் ஆயில், பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில். இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த காலிப்பரை மாட்டினாலும் காசுக்குத்தான் கேடு.

அதனால் இந்த வழிகாட்டியில் நான் பிடிவாதமாக நிற்பது வரிசையில்தான். முதலில், தொழிற்சாலை கொடுத்த பிரேக்கை அது கொடுத்தபடி வேலை செய்ய வையுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பின்னும் குறை தெரிந்தால், எது குறையோ அதற்கு மட்டும் பொருள் வாங்குங்கள். பாதிப்பேருக்கு இரண்டாவது கட்டத்திலேயே வேலை முடிந்துவிடும்.

உங்களிடம் இருப்பது என்ன

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் அபிங்டன் ஆலையில் செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார் என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. முன் சக்கரங்களில் 10.75 அங்குல (273 மி.மீ.) டிஸ்க், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பர். பின் சக்கரங்களில் 10 அங்குல டிரம். 1798 சிசி எஞ்சினும் ஒரு டன்னுக்குச் சற்று முன்பின்னான எடையும் உள்ள வண்டிக்கு அந்தக் காலத்தில் இது தாராளமான பிரேக். இன்றும் நல்ல நிலையில் இருந்தால் சாதாரண ஓட்டத்துக்குப் போதும்.

முதல் வேலையாக பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) பாருங்கள். ஒரே பைப் வெளியே போனால் அது ஒற்றைச் சுற்று: நான்கு சக்கரமும் ஒரே ஆயில் பாதையில் தொங்குகின்றன. எங்காவது ஒரு பைப் வெடித்தால் பெடல் தரையைத் தொடும். மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். இரண்டு பைப் போனால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று. அமெரிக்காவில் 1968 தொடக்கத்திலிருந்து புதுக் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமானதால், அங்கே போன எம்ஜிபிகளுக்கு அது முன்னதாகவே வந்துவிட்டது. பிரிட்டனில் விற்ற கார்களில் அதற்குப் பிறகும் பல வருடம் ஒற்றைச் சுற்றுதான் இருந்தது. உங்களுடையது ஒற்றைச் சுற்று என்றால் பதற வேண்டாம். ஆனால் கீழே பைப் பற்றிச் சொல்லும் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பெடல் என்ன சொல்கிறது

பொருள் வாங்கும் முன் காலியான சாலையில் மெதுவாக ஓட்டி, பெடலைக் கவனியுங்கள்.

மிதித்தால் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் ஊதுகிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது மிதியில் மேலே வந்தால் பின் ஷூ (டிரம்மின் உள்சுவரில் அழுத்தும் வளைந்த கட்டை) டிரம்மிலிருந்து விலகி நிற்கிறது. இதை உறுதி செய்ய ஒரு சின்ன வழி: ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று உயரமாக நின்றால் குறை பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டில்தான். மிதித்தபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் உள் சீல் தேய்ந்துவிட்டது.

கார் ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் பிஸ்டன் ஒன்று துருவில் பிடித்திருக்கலாம், அல்லது அந்தப் பக்க ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் நேராகச் சுழலவில்லை. நன்றாக நிற்கிறது, ஆனால் கால் வலிக்கிறது என்றால் அது குறையே இல்லை. சர்வோ (கால் மிதிக்குக் கூடுதல் பலம் தரும் பாகம்) இல்லாத கார் அப்படித்தான். நவீன காரிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு முதல் சில நாள் பயமாக இருக்கும், பிறகு கால் பழகிவிடும். நீண்ட இறக்கத்தில் மட்டும் பிரேக் மங்கிப்போகிறது என்றால், அது சூடு. பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் என்ற பேச்சுக்கே இடமிருப்பது இந்தக் கடைசிக் குறையில் மட்டும்தான்.

டயரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 1519 என்றால் 2019-ன் 15-வது வாரம் செய்தது. வருடத்துக்குச் சில நூறு மைல் ஓடும் காரில் டயர் தேயாது, ஆனால் ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். பத்து வயது தாண்டிய டயரோடு பிரேக்குக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. காரை நிறுத்துவது கடைசியில் டயரும் தாரும் உரசும் அந்த உள்ளங்கை அகலம்தான்.

கை வைக்கும் முன்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கி, காரை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்; பின் பிரேக் வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருப்பீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தக் காருக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் உதவாது, அங்குல செட் வேண்டும். பிரேக் பைப் நட்டுக்கு 7/16 அங்குல ஃப்ளேர் நட் ஸ்பேனர் தனியாக வாங்குங்கள். சாதாரண ஸ்பேனர் அந்த மெல்லிய நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஒரு முறை மழுங்கினால் பைப்பையே வெட்ட வேண்டிவரும். டார்க் ரெஞ்ச் ஒன்று, முன் ஹப்பை (சக்கரம் பூட்டும் நடுப் பாகம்) கழற்றப் போகிறீர்கள் என்றால், நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் ஒன்று. காருடைய ஒர்க்‌ஷாப் மேனுவலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிரேக் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதவே கூடாது. பிரிட்டன் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஷூ இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கும் கார்கள் உண்டு. பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பிச் சக்கரம் உள்ள கார் என்றால் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. நடு நட்டின் மரை இடப் பக்கம் சாதாரணமாகவும் வலப் பக்கம் தலைகீழாகவும் வெட்டியிருக்கும். இடம் வலம் மாறி ஹப்பைப் பூட்டினால் ஓடும்போதே சக்கரம் கழன்று வரும். கழற்றும் ஒவ்வொரு ஹப்பிலும் பெயின்ட் மார்க்கரால் "இ", "வ" என்று எழுதிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பின் டிரம்மிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் முன்னால் ஓடுவார்கள். மோசமான பெடலுக்குக் காரணம் பல நேரம் பின்னால் இருக்கிறது, அதுவும் சில்லறைச் செலவில் தீரக்கூடியது.

பின் பிளேட்டில் சதுரத் தலையோடு நீட்டிக்கொண்டிருப்பது அட்ஜஸ்டர். பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். சரியான அளவுச் சதுர ஸ்பேனர் இல்லாமல் கட்டிங் பிளேயரால் திருகப் போனால் தலை உருண்டுவிடும். அட்ஜஸ்டரை முழுமையாகத் தளர்த்தியதும் டிரம் வெளியே வரும். வரவில்லையென்றால் டிரம்மின் உள்விளிம்பில் தேய்மானம் மேடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பொறுமையாக எடுக்க வேண்டும்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் கை வையுங்கள். ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். கழற்றும் முன் போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷூவை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஒரு முனையில் மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் போய்விட்டது. சீல் மட்டும் மாற்றிப் பார்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. உள்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது சீலும் சில மாதத்தில் கசியும். புதுச் சிலிண்டரே விலை குறைவுதான். ஆனால் பழையதும் புதியதும் ஒரே உள்விட்டம்தானா என்று பார்த்து வாங்குங்கள். உள்விட்டம் மாறினால் பின் பிரேக்கின் பங்கும் மாறிவிடும்.

சிலிண்டரைப் பிளேட்டில் பிடித்திருப்பது ஒரு சின்ன 'ஈ' வடிவ கிளிப். எம்ஜிபிக்காரர்கள் ஒவ்வொருவரும் திட்டியிருக்கும் கிளிப் அது. பழையதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து எறிந்துவிடுங்கள். புதியதை மாட்டும்போது கிளிப்பின் வளைவுக்குச் சமமான அளவு சாக்கெட்டை அதன் மேல் வைத்து, சிலிண்டருக்கு மறுபுறம் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, ஜி-கிளாம்ப்பால் மெதுவாக அழுத்துங்கள். மூன்று பல்லும் பள்ளத்தில் இறங்கும் சத்தம் கேட்கும். சிலிண்டரைக் கையால் திருகிப் பாருங்கள், ஆடக் கூடாது.

ஷூவில் ஆயில் பட்டிருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்சில் ஆயிலா என்று முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் ஆக்சில் சீல் கசிகிறது. அதை அடைக்காமல் புது ஷூ போடுவது வீண். ஆயில் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு; சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் திரும்ப வெளியே வரும்.

எல்லாம் பூட்டிய பிறகு அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, பெடலை ஒருமுறை பலமாக மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைத்து, பிறகு சக்கரம் சுழலும் வரை ஒவ்வொரு சொடுக்காகத் தளர்த்துங்கள். டிஃபரன்ஷியல் இழுவை இருப்பதால் பின் சக்கரம் முன் சக்கரம்போல லேசாகச் சுழலாது. அதைப் பிரேக் உரசல் என்று நினைத்து மேலும் தளர்த்த வேண்டாம். ஷூவைச் சரிசெய்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை இறுக்கி ஷூவின் இடைவெளியை மறைப்பது பரவலாக நடக்கும் ஏமாற்று வேலை.

ஹோஸும் பைப்பும்

எம்ஜிபியில் மூன்று வளையும் ஹோஸ்கள்: முன் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் ஆக்சிலுக்கு ஒன்று. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் வீங்கித் துளை ஊசிக்கண் அளவுக்குக் குறுகியிருக்கும். கால் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். வயது தெரியாத ஹோஸ் என்றால் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

உள்ளே டெஃப்லான் குழாயும் மேலே ஸ்டெயின்லெஸ் பின்னலும் கொண்ட ஹோஸ் போட்டால் பெடல் சற்று உறுதியாகும். நல்ல ரப்பர் ஹோஸுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், பழைய ஹோஸுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் அளவுக்குப் பெரிதல்ல. மாட்டும்போது ஹோஸின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எதிலும் உரசவில்லை என்று பாருங்கள்.

இரும்புப் பைப்புகளை, குறிப்பாகப் பின் ஆக்சிலுக்குப் போகும் நீளப் பைப்பை, விரலால் தடவிப் பாருங்கள். துரு செதில் செதிலாக வந்தால் மாற்றியாக வேண்டும். ஒற்றைச் சுற்றுக் காரில் இது நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளும் வேலை இல்லை. தாமிர-நிக்கல் கலவைப் பைப் (கடையில் குனிஃபர் என்று கேளுங்கள்) 3/16 அங்குலத்தில் கிடைக்கும். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். எம்ஜிபிக்கென்றே வெட்டி, முனை விரித்து, நட் கோர்த்து விற்கும் செட் வாங்குவது புதியவர்களுக்கு நல்லது. நீங்களே முனை விரிப்பதாக இருந்தால் பழைய பைப்பின் முனை என்ன வடிவமோ அதே வடிவம் வேண்டும். ஒற்றை விரிப்பு இருந்த இடத்தில் இரட்டை விரிப்பு போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

முன் காலிப்பரும் டிஸ்க்கும்

பேட் மாற்றுவது எளிது. இரண்டு பிளவு ஊசி, ஒரு ஸ்பிரிங் தகடு, பேட் மேலே வந்துவிடும். பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் பொங்கி வழியும், முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள். தள்ளும்போது ஒரு பிஸ்டன் எளிதாகப் போய் மற்றொன்று முரண்டு பிடித்தால், இழுக்கும் பக்கத்துக்கான காரணம் கிடைத்துவிட்டது.

பழைய பிஸ்டனின் குரோம் பூச்சு உரிந்து துருப் புள்ளி விழுவது சகஜம். அதற்கு ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் கிடைக்கிறது; புதுச் சீலோடு போட்டால் நீண்ட நாள் உழைக்கும். பிஸ்டனை வெளியே எடுக்க, காலிப்பரைப் பைப்போடு விட்டு, பிஸ்டன்களுக்கு நடுவே மரத்துண்டு வைத்து, பெடலை மெல்ல மிதிப்பது பாதுகாப்பான வழி. காற்றழுத்தத்தில் எடுப்பவர்கள் விரலை உள்ளே வைக்கவே கூடாது. காலிப்பரின் இரு பாதிகளையும் பிரிக்க வேண்டாம். நடுவே ஆயில் பாதைக்கு ஒரு சீல் இருக்கிறது, பிரித்தால் அதையும் மாற்ற வேண்டிவரும். சீலுக்குத் தடவ வேண்டியது ரப்பருக்கான சிவப்பு கிரீஸ். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது அதன் இரண்டு போல்ட்டுக்கும் 40 முதல் 45 பவுண்டு-அடி (54 முதல் 61 நியூட்டன் மீட்டர்) இறுக்கம், புது லாக் தகடு.

டிஸ்க் மாற்றுவதுதான் இந்தக் காரில் கவனம் தேவைப்படும் இடம். நவீன காரில் டிஸ்க் ஹப்பின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். எம்ஜிபியில் அது ஹப்பின் பின்பக்கம் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது, அதனால் ஹப்பே வெளியே வந்தாக வேண்டும். ஹப்புக்குள் இரண்டு டேப்பர் பேரிங், நடுவே ஒரு ஸ்பேசர் குழாய், ஸ்பேசருக்கும் வெளிப் பேரிங்குக்கும் இடையில் மெல்லிய ஷிம் வளையங்கள். இந்த ஷிம்தான் பேரிங் எவ்வளவு தளர்வாக ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பழைய பழக்கத்தில் "நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, பிளவு ஊசி போடு" என்று செய்யும் மெக்கானிக்குகள் ஸ்பேசரையும் ஷிம்மையும் தூக்கி வீசிவிட்ட ஹப்புகள் நிறைய உலவுகின்றன. உங்கள் ஹப்பில் அவை இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள்.

செய்முறை இது. புது டிஸ்க்கை ஹப்பில் பூட்டும் முன் இரு முகமும் உட்காரும் பரப்பைத் துரு இல்லாமல் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அங்கே மாட்டிய ஒரு துருத் துகள் விளிம்பில் பெரிய ஆட்டமாகத் தெரியும். கிரீஸ் இல்லாமல், வேண்டியதற்கும் அதிகமான ஷிம்மோடு ஹப்பைப் பூட்டி, நட்டை 40 பவுண்டு-அடிக்கு (54 நியூட்டன் மீட்டர்) இறுக்குங்கள். டயல் கேஜை ஹப் முகத்தில் வைத்து, ஹப்பை உள்ளும் புறமும் இழுத்து ஆட்டத்தை அளக்க வேண்டும். கிடைக்க வேண்டியது 0.002 முதல் 0.004 அங்குலம், அதாவது 0.05 முதல் 0.10 மி.மீ. கூடுதலாக இருப்பதை ஷிம் குறைத்துச் சரிசெய்யுங்கள். அளவு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, பேரிங்கில் கிரீஸ் அடைத்து, புதுச் சீல் போட்டு, மறுபடி பூட்டி, பிளவு ஊசிக்கான ஓட்டை நேருக்கு வரும் வரை இறுக்குங்கள். 70 பவுண்டு-அடிக்கு மேல் போகக் கூடாது. முதல் முறை செய்பவருக்கு ஒரு பக்கத்துக்கே அரைநாள் போகலாம். போகட்டும், இங்கே அவசரப்பட்டால் முன் சக்கரம்தான் பதில் சொல்லும்.

பிறகு ஹப்பைச் சுழற்றி டிஸ்க்கின் விளிம்புக்குச் சற்று உள்ளே டயல் கேஜை வைத்து நெளிவைப் பாருங்கள். மேனுவல் சொல்லும் அளவைத் தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி, வேறு போல்ட் ஓட்டைக்குத் திருப்பி வைத்து மறுபடி அளங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பேட் தேர்வில் ஆசை மூளையை மிஞ்ச விடாதீர்கள். ரேஸ் பேட் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது பெரும்பாலும் மரக்கட்டைதான். சாலைக்கு மின்டெக்ஸ் 1144 வகைப் பேட் எம்ஜிபிக்காரர்களிடையே நெடுநாள் பேர் வாங்கியது: ஆறியிருக்கும்போதே பிடிக்கும், சர்வோ இல்லாத காரில் கால் பளுவும் குறையும். தூசி கொஞ்சம் அதிகம்.

ஆயிலும் ஏர் எடுப்பதும்

டாட் 4 வகைப் பிரேக் ஆயில் போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். காரை ஓட்டாமல் வைத்திருந்தாலும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். சிலிக்கோன் வகையான டாட் 5 பெயின்ட்டை அரிக்காது என்பதால் சிலர் விரும்புவார்கள். அதை மற்றதோடு கலக்கவே கூடாது. மாற்றுவதென்றால் சீல், ஹோஸ் எல்லாம் புதிதாகும் சமயத்தில் மாற்றுவதுதான் முறை. டாட் 5.1 பெயரில் நெருக்கமாக இருந்தாலும் சிலிக்கோன் அல்ல, டாட் 4-ன் குடும்பம்.

சாதாரண பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். மாஸ்டர் சிலிண்டரைச் சுற்றித் துணி கட்டுங்கள், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுக்க இருவர் இருந்தால் நல்லது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்துக்கு வாருங்கள். பிளீட் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். உள்ளே இருப்பவர் "மிதிச்சாச்சு" என்றதும் நிப்பிளை அரைச் சுற்றுத் திறங்கள். ஆயிலோடு குமிழி வரும். மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். குமிழி நிற்கும் வரை இதே. நடுவில் மாஸ்டர் சிலிண்டர் வறண்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லாதீர்கள். இத்தனை வருடம் சீல் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும், அதில் உரசிச் சீல் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. தனி ஆளாகச் செய்பவர்கள் ஸ்பேர் டயர் காற்றில் இயங்கும் பிளீடர் வாங்கலாம். அழுத்தம் 20 பிஎஸ்ஐயைத் தாண்ட வேண்டாம், மூடி பிய்த்துக்கொண்டால் எஞ்சின் அறை முழுக்க ஆயில்.

முடித்ததும் பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தில் மிதித்துப் பிடித்திருக்கச் சொல்லி, டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். கண்ணுக்கு ஈரம் தெரியாவிட்டாலும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தால் தெரியும்.

முதல் ஓட்டம்

கிளம்பும் முன் பெடலைப் பம்ப் செய்து மேலே கொண்டுவாருங்கள். பேட் பின்னுக்குத் தள்ளியிருக்கும். அதை மறந்து கேரேஜ் கதவில் போய் மோதியவர்கள் இருக்கிறார்கள்.

போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, 30 மைல் வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறையுங்கள், பத்துத் தடவை. பிறகு 50-லிருந்து 10-க்குச் சற்று அழுத்தமாக ஏழெட்டுத் தடவை, நடுவே காற்று பட விட்டு. சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், பேட் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் அதிர்வாக வெளிப்படும். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். புதுப் பேட்டின் முழுப் பிடிப்பு இதற்குப் பிறகுதான் தெரியும்.

இனி பெரிய காலிப்பரைப் பற்றிப் பேசலாம்

இவ்வளவும் செய்த காரில், நன்றாக மிதித்தால் நான்கு சக்கரமும் வழுக்கும் எல்லைக்கு வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டி காலிப்பரால் எதுவும் செய்ய முடியாது. பெரிய பிரேக் தருவது, சூட்டைத் தாங்கும் திறனை.

ஒரு கணக்குப் போடுவோம். காரும் ஓட்டுநரும் 1,000 கிலோ, வேகம் மணிக்கு 60 மைல். நிறுத்தும்போது வெப்பமாக மாற வேண்டியது சுமார் 360 கிலோஜூல். அதில் 70 சதவீதத்தை முன் டிஸ்க்குகள் ஏற்கின்றன, ஒவ்வொன்றும் 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிறுத்தியதில் டிஸ்க்கின் சூடு ஏறக்குறைய 70 டிகிரி ஏறும். அது ஒன்றுமே இல்லை. அதையே ஆற விடாமல் ஆறேழு முறை அடுத்தடுத்துச் செய்தால் நிலைமை வேறு. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கும், வி8 எஞ்சின் மாற்றியவர்களுக்கும் நிஜமாகவே பெரிய பிரேக் வேண்டும். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் மூன்றுக்கு ஒன்று சரிவுள்ள ஹார்ட்நாட் கணவாயில் இறங்குபவருக்கு வேண்டியது முதல் கியர்.

தேவை இருப்பவர்களுக்கு நடு வழி ஒன்று உண்டு. 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8-க்குத் தொழிற்சாலையே தடிமனான டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் கொடுத்தது. அதே இடத்தில் பூட்டும் பொருள் என்பதால் இதை நான் முதலில் பரிந்துரைப்பேன். அதற்கு மேல், காற்றுப்பாதை உள்ள டிஸ்க்கும் நாலு பிஸ்டன் காலிப்பரும் கொண்ட கிட்கள். வாங்கும் முன் உங்கள் 14 அங்குலச் சக்கரத்துக்குள், முக்கியமாகக் கம்பிச் சக்கரத்துக்குள், அது அடங்குமா என்று விற்பவரிடம் அட்டை வடிவம் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள்.

முன் பிஸ்டன் பரப்பு கூடினால் முன் பின் பங்கீடு மாறும். முன் சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும், பின் பிரேக் சும்மா இருக்கும், நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். அதைச் சரிக்கட்டப் பின்னாலும் பெரிய வீல் சிலிண்டர் போடும் எண்ணம் வந்தால் கவனம்: பின் சக்கரம் முதலில் பூட்டினால் ஈரச் சாலையில் கார் அப்படியே சுற்றிவிடும். பெரிய பிஸ்டனுக்கு அதிக ஆயில் வேண்டும் என்பதால் பெடலும் ஆழமாகப் போகும். அதற்கு மாஸ்டர் சிலிண்டரை 3/4 அங்குலத்திலிருந்து 7/8-க்கு மாற்றினால் பெடல் உயரும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் 36 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும்.

அப்போதுதான் சர்வோ நினைவுக்கு வரும். எஞ்சின் அறையில் தனியாக உட்காரும் சர்வோ கிட்கள் ஒற்றைச் சுற்றுக் கார்களுக்குக் கிடைக்கின்றன. இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தில் வேலை செய்பவை. கால் பளு குறையும். நிற்கும் தூரம் குறையாது. முட்டி வலி உள்ளவர்களுக்கு நிச்சயம் போடுங்கள் என்பேன். பைப் பழையதாக இருந்தால் மட்டும் வேண்டாம், கூடுதல் அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

சோதனையும் இன்ஷூரன்ஸும்

பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி (வருடாந்தர வாகனச் சோதனை) கட்டாயமில்லை. ஆனாலும் இந்த வேலைக்குப் பிறகு காசு கொடுத்து ஒரு எம்ஓடி எடுங்கள். பிரேக் உருளையில் ஏற்றி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக எண் தருவார்கள். ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கிடையே 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தோல்வி. 10 சதவீதத்துக்குள் கொண்டுவர முயலுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த வருடம் ஒப்பிட உதவும்.

காலிப்பர், சர்வோ, இரட்டைச் சுற்று என்று தொழிற்சாலை அமைப்பை மாற்றியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கிளாசிக் பாலிசிக்காரர்கள் பிரேக் மேம்பாட்டுக்குப் பெரும்பாலும் முகம் சுளிப்பதில்லை. சொல்லாமல் விட்டுப் பிறகு விபத்து நேர்ந்தால்தான் சிக்கல்.

சில நூறு மைல் ஓடியதும் பின் ஷூவை மறுபடி அட்ஜஸ்ட் செய்து, காலிப்பர் போல்ட்டின் லாக் தகடுகளைப் பார்த்து, எல்லாப் பைப் இணைப்பையும் இன்னொரு முறை டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள்.